ஐந்து ஸ்பிரிங்குகளில் இரண்டு

மேஸ்திரியின் மோட்டார் சைக்கிளை முதல் கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், வீடுதான் நகரும். மேஸ்திரி இறந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு இது முதன்முதலாகத் தெரியவந்தது. அன்று வண்டியை எடுத்தவர், பட்டறைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில் ஸ்பேனர் என்று அழைக்கப்படுகிற மெக்கானிக். வண்டியைத் தெருவில் நிறுத்தி, சோதனைதானே என்று உட்கார்ந்தபடியே உதைத்தார், கியரைப் போட்டார், கிளட்சை விட்டார். இன்ஜின் கத்தியது, சக்கரம் அசையவில்லை. அவருக்குப் பின்னால், முன்னறையில் பட்டறையும் அதற்கடுத்து இரண்டு அறைகளும் கடைசியில் சமையலறையுமாக இருந்த மேஸ்திரியின் வீடு, கூரையோடும் தண்ணீர்த் தொட்டியோடும் இரண்டடி பின்னுக்குப் போய் நின்றது. வாசற்படி மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மேஸ்திரியின் மனைவி கத்தியோடு வெளியே வந்து, நிலைக்கும் படிக்கும் நடுவில் புதிதாகத் தெரிந்த மண்ணைப் பார்த்தார். "போதும், நிறுத்து. அடுப்புல பால் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்குப் பின்னால் கால்வாய். சமையலறைச் சுவருக்கும் கால்வாய்க் கரைக்கும் இடையே இருபத்திரண்டு அடி என்று நகராட்சி வரைபடத்தில் இருந்தது. ஸ்பேனர் அதை இருபதாக்கிவிட்டு, கேபிளில்தான் கோளாறு என்று சொல்லி அதை முறுக்கி, எண்ணெயையும் மாற்றிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார். அடுத்து அதே தெருவில் லேத் பட்டறை வைத்திருந்த லேத்துக்காரர் வந்தார். கிளட்சைத் திறந்து, உராய்வுத் தட்டுகளைப் புதிதாக மாற்றி, ஸ்பிரிங்குகளை அளந்து பார்த்து, எல்லாம் சரி என்றார். வீட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் சோதிப்பதால்தான் இந்த வம்பு என்று அவருக்குத் தோன்றியது. வண்டியை அரை மைல் தள்ளி இருக்கிற மைதானத்துக்கு உருட்டிக்கொண்டு போய் அங்கே கிளட்சை விட்டார். வண்டி அசையவில்லை. வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தால், வீடு மூன்றடி பின்னால் இருந்தது. மூன்றாவதாக வந்தவர் மேஸ்திரியின் அண்ணன், மெக்கானிக் சங்கத்தின் தலைவர். அவர் வீட்டை இரும்புக் கம்பியால் விளக்குக் கம்பத்தோடு கட்டச் சொன்னார். பிறகு வண்டியில் ஏறி, தன்னைவிடத் தேர்ந்த கை என்று பேர் வாங்கிய தம்பியின் மேல் இருந்த கோபத்தையெல்லாம் ஆக்சிலேட்டரில் காட்டினார். வீடு ஒரே மூச்சில் ஒன்பதடி போயிற்று, விளக்குக் கம்பமும் கூடவே போயிற்று. மிச்சம் எட்டடி. நகராட்சி சர்வேயர் வந்து அளந்தார். படிவத்தில் வீடு அசையாச் சொத்து என்ற பத்தியில் இருப்பதால் நகர்ந்ததை எழுதுவதற்கு இடமில்லை என்றும், மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகவும் கூறிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

மேஸ்திரி உயிரோடு இருந்தவரை அந்த வண்டி ஒருநாளும் நின்றதில்லை. ஆனால் அவர் அதை ஓட்டிய விதம் தனி. வண்டியைக் கியரில் போட்டு, பக்கத்திலேயே இரண்டு எட்டு நடந்து, அது உருளத் தொடங்கிய பிறகுதான் ஏறி உட்காருவார். பாலத்து ஏற்றத்தில் ஏறமாட்டார். ஊரைச் சுற்றிக்கொண்டு போவார். பின்னால் யாரையும் ஏற்றமாட்டார், முக்கியமாக மனைவியை. தெருவிலேயே தேர்ந்த கை அவருடையது என்பதால், அவர் செய்ததையெல்லாம் தெரு செய்தது. எல்லா மெக்கானிக்குகளும் வண்டியோடு இரண்டு எட்டு நடந்து ஏறினார்கள், அதுதான் கெத்து என்று நினைத்தார்கள். எந்த மெக்கானிக்கும் மனைவியை வண்டியில் ஏற்றவில்லை. மேஸ்திரியே ஏற்றாதபோது நாம் ஏற்றினால் என்ன மரியாதை என்று கேட்டார்கள். பன்னிரண்டு வருடங்களில் அது சட்டம்போல ஆகிவிட்டது. ஏழாம் மாத வயிற்றோடு பெண்கள் ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். புருஷன் பக்கத்தில் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து, வெயில் அதிகமாக இருக்கிறதா என்று அன்போடு விசாரித்தான். அந்தப் பன்னிரண்டு வருடமும் மேஸ்திரி வீட்டு வாசற்படிக்கும் நிலைக்கும் நடுவே வருடத்துக்கு ஒரு நகக்கண் அளவு விரிசல் விழுந்துகொண்டே இருந்தது. அவர் மனைவி வருடா வருடம் சிமெண்டைக் குழைத்து அடைத்தார். வீடு பழசாகிறது என்று நினைத்துக்கொண்டார்.

மேஸ்திரிக்கு ஒரே மகள். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான் என்பதால் தெருவில் அவளுக்கு டிகிரி என்று பெயர். பாராட்டி வைத்த பெயர் அல்ல. இயந்திரவியல் படித்தவள். ஏழு கம்பெனிகளில் நேர்காணலுக்குப் போனாள். ஏழிலும் கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள், இரண்டில் மட்டும் கியரைப் பற்றியும் கேட்டார்கள். அப்பா இறந்த பிறகு ஒருநாள் காலை பட்டறையின் ஷட்டரைத் தானே தூக்கி, தானே பெருக்கி, தானே உட்கார்ந்தாள். பத்து நிமிடத்தில் பெரியப்பா வந்துவிட்டார்.

"என்ன டிகிரி, கடைய காத்தாட விட்டிருக்கியா?"

"கடை நடத்தப் போறேன் பெரியப்பா."

"நடத்தலாம்மா, யாரு வேணாம்னா. உங்கப்பன் வண்டி வாசல்லயே செத்துக் கெடக்கு. அத எழுப்பாத கடைக்கு எவன் வண்டி விடுவான்?"

கூட்டம் சேர்ந்துவிட்டதால் பெரியப்பா நிபந்தனையையும் அங்கேயே சொன்னார். மேஸ்திரியின் வண்டியை அவள் பாலத்து ஏற்றத்தில் ஏற்றிக் காட்ட வேண்டும். ஏற்றினால் பட்டறை அவளுக்கு, சங்கம் குறுக்கே நிற்காது. ஏற்றாவிட்டால் பட்டறைச் சாவி அவருக்கு, வண்டி சங்கக் கட்டடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் மாலையோடு நிற்கும். எத்தனை நாள் கெடு என்று யாரோ கேட்டார்கள். நாள் எதற்கு, எட்டடி இருக்கிறதே என்றார் லேத்துக்காரர். தெரு முழுக்கச் சிரித்தது. டிகிரி சிரிக்கவில்லை. "எட்டடி போதும்" என்றாள்.

அம்மாவைப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடச் சொன்னார்கள். அவர் போகவில்லை. இருபத்தாறு வருடம் வாழ்ந்த வீடு, அது எங்கே போகிறதோ அங்கே நானும் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அலமாரியில் இருந்த கண்ணாடி டம்ளர்களை மட்டும் எடுத்துத் தரையில் வைத்தார்.

கிளட்ச் என்பது பெரிய மந்திரம் இல்லை. வரிசையாக அடுக்கிய தட்டுகளை ஐந்து ஸ்பிரிங்குகள் சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கும். அழுத்தம் இருந்தால் இன்ஜினின் சுழற்சி சக்கரத்துக்குப் போகும். லீவரைப் பிடித்தால் அழுத்தம் விலகும், இன்ஜின் வேறு சக்கரம் வேறு. லீவரை விட்ட பிறகும் அழுத்தம் போதவில்லை என்றால் தட்டுகள் வழுக்கும். இன்ஜின் தன் பாட்டுக்குக் கத்தும், வண்டி தன் பாட்டுக்கு நிற்கும். வழுக்கும்போது வீணாகிற பலம் வெப்பமாகப் போய்விடும் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருந்தது. இந்த வண்டியில் அது வீட்டுக்குப் போனது. டிகிரி இதை ஒரு நோட்டில் எழுதி, ஏன் வழுக்கும் என்பதற்கு நான்கு காரணங்களைக் கீழே எழுதினாள். கேபிளில் தொய்வு இல்லாமல் இருக்கலாம். எண்ணெய் தப்பாக இருக்கலாம். தட்டு தேய்ந்திருக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். ஒவ்வொன்றையும் திருத்திவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும், ஆனால் ஓட்டிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அம்மா கால்வாய்க்குக் கொஞ்சம் பக்கத்தில் போவார். அந்தத் தெருவின் ஆண்கள் மூன்று பேரும் முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு யோசித்தவர்கள். அவளுக்கு அந்த வசதி இல்லை.

கேபிளைப் பார்த்தாள். லீவரின் அடியில் ஒரு நாணயத்தின் கனத்துக்கு ஆட்டம் இருக்க வேண்டும். ஸ்பேனர் முறுக்கிய முறுக்கில் அது துளியும் இல்லை. தளர்த்தினாள். கிளட்ச் மூடியைக் கழற்றி எண்ணெயை வடித்தாள். அதிலும் ஸ்பேனரின் கைவண்ணம் இருந்தது: கார் இன்ஜினுக்கு ஊற்றுகிற வழவழப்பான எண்ணெயை ஊற்றி வைத்திருந்தார். தட்டுகளை வெளியே எடுத்து, பெட்ரோலில் துடைத்து, காய வைத்து, சரியான எண்ணெய் ஊற்றி, பூட்டி, வண்டியில் ஏறினாள். சக்கரம் கால் சுற்றுச் சுற்றி நின்றது. வீடு ஒன்றரை அடி போயிற்று. மிச்சம் ஆறரை. "கால் சுத்து சுத்திச்சு, பாத்தீங்களா" என்றாள் டிகிரி. யாரும் சக்கரத்தைப் பார்த்திருக்கவில்லை. எல்லோரும் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி திறந்தாள். தட்டுகள் லேத்துக்காரர் போட்டவை, புதியவை. மிஞ்சியது ஸ்பிரிங்குகள். ஐந்தையும் எடுத்து, கல்லூரியில் வாங்கிய வெர்னியர் அளவுகோலால் அளந்தாள். ஐந்தும் ஒரே நீளம், மயிரிழை வித்தியாசமில்லை. 'ஸ்பிரிங் நன்று' என்று நோட்டில் எழுதி அடிக்கோடு இட்டாள். லேத்துக்காரர் சொன்னதையே தானும் சொல்கிறோம் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. ஸ்பிரிங்கை இறுக்குகிற நட்டுகளை ஆளுக்கு ஒரு சுற்று அதிகம் முறுக்கினால் போதும் என்று கணக்குப் போட்டாள். கணக்கு வெள்ளைத் தாளில் அழகாக வந்தது. வீடு நான்கடி போயிற்று. தரையில் இருந்த டம்ளர்களில் ஒன்று உடைந்தது. பெரியப்பா டேப்பைச் சமையலறைச் சுவரிலிருந்து கரைவரை இழுத்துப் பார்த்து, இரண்டரை அடி என்று சத்தமாகச் சொன்னார். பிறகு, சாவியை எதில் மாட்டி வைத்திருக்கிறார்கள் என்று அம்மாவிடம் விசாரித்தார். அவள் படித்ததையெல்லாம் அவர் குறை சொல்லவில்லை. "படிச்சா மட்டும் போதாதும்மா" என்று மட்டும் சொன்னார், அது போதுமானதாக இருந்தது.

அன்று மதியம் டிகிரி கிளட்சை மூன்றாம் முறையாகக் கழற்றி, பாகங்களை எப்போதும் போலப் பின்பக்கம் கொண்டுபோய் அம்மாவின் முன்னால் வைத்தாள். அந்தத் தெருவில் எல்லாப் பட்டறைகளிலும் அப்படித்தான். முன்னறையில் ஆண்கள் கழற்றுவார்கள், அளப்பார்கள், தீர்ப்புச் சொல்வார்கள். பின்பக்கத்தில் பெண்கள் மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுக் கழுவிக் கொடுப்பார்கள். கழுவிய கையிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. டிகிரியும் நான்கு வருடம் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு வந்தும் கேட்டிருக்கவில்லை. அன்றைக்கும் கேட்கும் எண்ணத்தில் அவள் அங்கே உட்காரவில்லை. எழுந்து போகத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா ஒவ்வொரு ஸ்பிரிங்காகக் கழுவி, கட்டைவிரலால் அமுக்கி எண்ணெயை வடித்து, மூன்றை ஒரு பக்கமும் இரண்டை ஒரு பக்கமுமாக வைத்தார்.

"ஏன் தனித்தனியா வைக்கிற?"

"இது ரெண்டும் சாது."

"சாதுன்னா?"

"அமுக்கிப் பாரேன். அந்த மூணும் முரண்டு பிடிக்குது. இது ரெண்டும் சொன்ன பேச்சு கேக்குது."

டிகிரி அமுக்கிப் பார்த்தாள். பிறகு ஐந்தையும் மேசையில் நிறுத்தி, ஒவ்வொன்றின் மேலும் பழைய பிஸ்டன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். மூன்று ஸ்பிரிங்குகள் எல்லாப் பாரத்தையும் தாங்கின. இரண்டு, பாதிப் பாரத்திலேயே படுத்துவிட்டன. நீளம் ஒன்று, கனம் ஒன்று, பலம் மட்டும் வேறு.

"எத்தன நாளாம்மா தெரியும் உனக்கு?"

"இந்த வண்டிக்குப் பன்னெண்டு வருஷமா கழுவறேன். பன்னெண்டு வருஷமா இப்படித்தான்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"யாரு கேட்டா?"

டிகிரி எழுந்து போய், அப்பாவின் கருவிப் பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்தாள். அடித்தட்டில், இருமல் மாத்திரை டப்பா ஒன்றில், கிரீஸ் துணி சுற்றிய இரண்டு ஸ்பிரிங்குகள் இருந்தன. கட்டைவிரலை வைத்தால் திருப்பித் தள்ளின. அசல் ஸ்பிரிங்குகள். தேய்ந்ததும் இல்லை, தளர்ந்ததும் இல்லை. மேஸ்திரியே அவற்றைக் கழற்றி ஒளித்துவிட்டு, மெத்தென்ற கம்பியில் அதே அளவுக்கு இரண்டு ஸ்பிரிங்குகளைச் சுற்றி உள்ளே வைத்திருந்தார், லேத்துக்காரரின் அளவுகோலே ஏமாறுகிற அளவுக்கு அச்சாக. அம்மா டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு வருடம் முன்னால் ஒரு லாரிச் சங்கிலியில் மேஸ்திரியின் இடது கை விரல் இரண்டு மாட்டியதும், ஒன்றுமில்லை என்று அவர் துணி சுற்றிக்கொண்டதும், அதற்குப் பிறகு டீ கிளாஸை எப்போதும் வலது கையில்தான் பிடித்ததும் அம்மாவின் வாயிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஐந்து ஸ்பிரிங்கின் லீவரைப் பிடிக்க அந்தக் கைக்கு வலு இல்லை. மூன்றுக்குத்தான் இருந்தது. மூன்று ஸ்பிரிங்கால் ஓர் ஆளைத்தான் இழுக்க முடியும், அதுவும் இரண்டு எட்டு நடந்து ஏறினால், அதுவும் சமதரையில்.

"கை வரலன்னு வெளிய சொல்ல வெக்கப்பட்டிருப்பாரு" என்றார் அம்மா.

"வெக்கம் அவருக்கு. நடை உனக்கா?"

அம்மா தட்டில் இருந்த மண்ணெண்ணெயைக் கொட்டிவிட்டு, தட்டைக் கவிழ்த்து வைத்தார். அப்பாவின் மேல் டிகிரிக்கு அன்று வந்த கோபம் இரக்கமாக மாறிவிட்டது என்று தெருவில் சிலர் பின்னால் சொன்னார்கள். மாறவில்லை. இரக்கமும் வந்தது, அது தனியாக ஒரு பக்கம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒரு மனிதன் தன் இரண்டு விரலை மறைத்ததற்கு ஒரு தெருவின் பெண்கள் பன்னிரண்டு வருடம் நடந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை அசல் ஸ்பிரிங்குகளைப் பூட்டி, நட்டுகளை ஒரே ஆழத்துக்கு முறுக்கி, கேபிளுக்கு நாணயக் கனத்துக்கு ஆட்டம் விட்டு, வண்டியைத் தெருவில் நிறுத்தினாள். லீவர் கல்லாக இருந்தது. ஸ்பேனர் பிடித்துப் பார்த்துவிட்டு, இதைப் பொம்பளைக் கை தாங்காது என்றார். டிகிரி அவரைப் பார்த்தபடியே அதை இருபது தடவை பிடித்துப் பிடித்து விட்டாள். ஸ்பேனர் நகர்ந்துகொண்டார். லேத்துக்காரர் டேப்போடு கால்வாய்க் கரையில் நிறுத்தப்பட்டார். பெரியப்பா சாவிக்காகக் கையை நீட்டத் தோதாக வாசற்படியில் நின்றார். அப்போது அம்மா வெளியே வந்தார். இத்தனை சோதனையிலும் வீட்டைவிட்டு வராதவர், கதவைப் பூட்டி, பட்டறைச் சாவியையும் வீட்டுச் சாவியையும் கையில் வைத்துக்கொண்டு, நேராக வண்டியிடம் போனார்.

"நீ எங்கம்மா போற?" என்றார் பெரியப்பா.

"ஏத்தத்துக்கு."

"அந்த வண்டியில பொம்பள ஏற மாட்டா. என் தம்பி ஏத்துனதில்ல."

"உங்க தம்பியால ஏத்த முடியல மச்சான்" என்றார் அம்மா. "முடியலங்கிறது வேற, கூடாதுங்கிறது வேற."

இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தார். பெரியப்பா சாவிக்காக நீட்டத் தயாராக வைத்திருந்த கையை மடக்கிக்கொண்டார். தெருவின் பெண்கள் எல்லோரும் கையில் மண்ணெண்ணெய் சொட்டச் சொட்ட வாசல்களில் நின்றிருந்தார்கள். டிகிரி இரண்டு எட்டு நடக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே உதைத்தாள், கியரைப் போட்டாள், கல் லீவரை மெல்ல மெல்ல விட்டாள். வண்டி ஒருமுறை சிலிர்த்தது. சக்கரம் மண்ணைப் பிடித்தது, விடவில்லை. இரண்டு பேரையும் சுமந்துகொண்டு தெருவைக் கடந்து, பாலத்து ஏற்றத்தின் அடியில் வேகம் குறையாமல் திரும்பி, மேலே ஏறியது. அடியிலிருந்து பார்த்தவர்களுக்கு அம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. உச்சியில் நின்று திரும்பி வந்துவிடுவார்கள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர்கள் மறுபக்கம் இறங்கிப் போய்விட்டார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர்களிடம் எங்கே போனீர்கள் என்று கேட்டபோது, "சும்மா" என்றார் அம்மா. பன்னிரண்டு வருடத்தில் அவர் சும்மா எங்கேயாவது போனது அதுதான் முதல் தடவை. லேத்துக்காரர் கரையிலிருந்து எழுந்து வந்து, இரண்டரை அடி, அப்படியே இருக்கிறது என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

அந்த வாரம் தெருவில் பல வீடுகளில் கிளட்ச் மூடிகள் திறக்கப்பட்டன. தங்கள் வண்டியிலும் இரண்டு ஸ்பிரிங் சாதுவாக இருக்கும் என்று ஆண்கள் நம்பினார்கள், அப்படி இருந்துவிட்டால் நல்லது என்றும் நினைத்தார்கள். மனைவிமார் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துச் சொன்னார்கள்: எல்லாம் நன்றாகவே இருந்தன. பன்னிரண்டு வருடமும் நன்றாகவே இருந்திருக்கின்றன. அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் யாரும் ஆஸ்பத்திரிக்கு நடந்ததாகத் தகவல் இல்லை. ஸ்பேனரின் மனைவி மட்டும் பின்னால் உட்கார மறுத்து, ஓட்டக் கற்றுக்கொண்டு, அவரைப் பின்னால் உட்கார வைத்தாள்.

வீடு கால்வாய்க் கரையில் இரண்டரை அடி மிச்சத்தில் நின்றுவிட்டது. அது நகர்ந்து விட்டுப்போன இடம் முன்வாசலில் பத்தொன்பதரை அடி வெற்றிடமாகக் கிடந்தது. அந்தத் தெருவில் வேறு எந்தப் பட்டறைக்கும் அத்தனை முற்றம் இல்லை. முதல் மாதத்திலேயே அதில் எட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. அது பெரியப்பாவின் கண்ணை உறுத்தியது. சர்வேயரையும் அழைத்துக்கொண்டு வந்து, வண்டி ஓடுவது சரி, பட்டறை அவளுக்கு என்பதும் சரி, ஆனால் வீடு வரைபடத்தில் இருக்கிற இடத்தில் இருந்தாக வேண்டும், நகர்த்தியவர்களே பழைய இடத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும் என்றார்.

டிகிரி ஒரு வண்டியின் கிளட்சுக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அம்மா, மண்ணெண்ணெய்த் தட்டை முன்வாசலுக்கே கொண்டுவந்து போட்டு, ஒவ்வொரு ஸ்பிரிங்காக அமுக்கி எது தேறும் எது தேறாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த வண்டியில ரிவர்ஸ் கிடையாது பெரியப்பா" என்றாள் டிகிரி, நிமிர்ந்து பார்க்காமல்.

சர்வேயர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். ரிவர்ஸ் இல்லைதான். பேனாவை எடுத்து வரைபடத்தில் வீட்டைப் பத்தொன்பதரை அடி தள்ளி வரைந்து, கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டார். வாசற்படி இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது. வண்டி விட வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள்.